திக்கினாலும் பேசுங்கள், தம்பி

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். சின்ன வயதில் கொஞ்ச காலம் எனக்குத் திக்கியதாகவும், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தானாகவே நின்றுவிட்டதாகவும் அம்மா சொல்வார். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பா கடையை மூட வேண்டி வந்தது. கடன், வீட்டில் தினமும் சண்டை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெரியப்பா வீட்டு மாடிக்கு வந்தோம். பள்ளியும் மாறியது. புதுப் பள்ளியில் தமிழ் ஐயா செய்யுளை எழுந்து வாசிக்கச் சொன்னபோது முதல் சொல்லே வரவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து திக்குகிறது. வருகைப் பதிவில் "உள்ளேன் ஐயா" சொல்வதற்குள் வியர்த்துவிடுகிறது. என் பெயரையே சொல்ல முடியவில்லை. விடை தெரிந்தாலும் கை தூக்குவதில்லை. ஆனால் தங்கையிடம் பேசும்போதும், தனியாக வாசிக்கும்போதும், பாடும்போதும் திக்குவதே இல்லை. அப்படியானால் இது மனநோயா? அம்மா நாக்கில் வசம்பு தேய்க்கிறார். அப்பா "நிதானமாப் பேசுடா" என்று அதட்டுகிறார். இதற்கு மாத்திரை இருக்கிறதா? சில நாள், பேசாமலே இருந்துவிடலாம் போலத் தோன்றுகிறது.

- பெயர், ஊர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்:

அன்புள்ள தம்பி,

மனநோயா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் பயந்தாங்கொள்ளி என்பதாலோ, மனம் பலவீனமாக இருப்பதாலோ திக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பதே என் தொழில். உங்களைப் போன்ற பிள்ளைகளோடு பல வருடம் உட்கார்ந்து பேசியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கொழுக்கட்டை சம்பவம் அல்ல. அம்மா சொன்ன அந்த ஒரு வரி. சின்ன வயதில் திக்கியது, பிறகு நின்றது என்கிறார். திக்குதல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில்தான் தொடங்கும். 100 குழந்தைகளில் 5 முதல் 8 பேருக்கு அந்த வயதில் அது எட்டிப் பார்க்கிறது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தானாகவே நின்றுவிடும். மீதிப் பேருக்குத் தொடரும். பெரியவர்களில் 100 பேரில் ஒருவர் அளவுக்குத் திக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்களைவிட ஆண்களில் இது மூன்று, நான்கு மடங்கு அதிகம். சிலருக்கு முழுவதும் போய்விடாமல் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். விடலைப் பருவத்தில் பெரிய நெருக்கடி வரும்போது அது திரும்பத் தலைகாட்டும். உங்களுக்கு அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடியில் இருக்கும் அந்தக் காரணம் மூளையின் அமைப்போடும் மரபோடும் தொடர்புடையது. திக்குகிறவர்களின் மூளையில், பேச்சுத் தசைகளுக்கு நேரம் பார்த்துக் கட்டளை அனுப்பும் இணைப்புகள் சற்று வேறு விதமாக இருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாகிஸ்தானில் தலைமுறை தலைமுறையாகத் திக்கும் ஒரு குடும்பத்தை ஆராயத் தொடங்கிய அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், இதனோடு தொடர்புடைய சில மரபணுக்களை 2010-இல் அடையாளம் கண்டார்கள். உங்கள் மாமா, சித்தப்பா, தாத்தா யாருக்காவது திக்குமா என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால், ஒருநாள் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சரி, கடனும் சண்டையும் என்ன செய்தன? அவை திக்குதலை உண்டாக்கவில்லை. அடங்கிக் கிடந்ததைக் கிளப்பிவிட்டன. ஒரு சொல்லைச் சொல்ல உதடு, நாக்கு, தாடை, குரல்வளை, நெஞ்சுக்கூடு என்று எத்தனையோ தசைகள் நொடிக்குள் ஒத்துழைக்க வேண்டும். பதற்றம் வந்தால் உடம்பெல்லாம் இறுகும். குரல்வளையும் சேர்ந்து இறுகும். குரல் நாண்கள் பூட்டிக்கொண்டால் காற்று வராது, சொல்லும் வராது. உயிரெழுத்தில் தொடங்கும் "உள்ளேன்" உங்களை வாட்டுவது இதனால்தான். அந்த "உ" தொண்டையிலேயே தொடங்க வேண்டும். தொண்டைதான் அப்போது பூட்டியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சின்ன வயதில் திக்கவே திக்காத ஒருவருக்குப் பதின்வயதில் திடீரென்று திக்க ஆரம்பித்தால், முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். தலையில் அடி, வலிப்பு, புதிதாகச் சாப்பிடும் மாத்திரை என்று வேறு காரணங்கள் இருக்கலாம். பெரிய அதிர்ச்சிக்குப் பின் மனம் சார்ந்து மட்டுமே வரும் திக்குதலும் உண்டு. ஆனால் அது அரிது. உங்கள் கதை அது போல் தெரியவில்லை. இருந்தாலும் நேரில் பார்க்கிறவர்தான் உறுதி செய்ய முடியும்.

தனியாக இருக்கும்போது ஏன் திக்குவதில்லை என்று கேட்டீர்கள். அது உங்களுக்கு மட்டுமல்ல. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், யாரும் கேட்கவில்லை என்று நிச்சயமாக நம்பித் தமக்குத் தாமே பேசிக்கொண்டவர்களுக்குத் திக்குதல் ஏறக்குறைய இல்லாமலே போனது. கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவர் என்ன நினைப்பாரோ என்ற எண்ணம் சேரும்போதுதான் சிக்கல் கிளம்புகிறது. பாட்டில் தாளம் இருக்கிறது, சொற்கள் முன்பே தெரியும், ஓசை நீண்டு வழுக்கிக்கொண்டு போகிறது. பலர் சேர்ந்து வாசிக்கும்போதும் திக்காது. ஆக, உங்கள் நாக்கும் தொண்டையும் நன்றாகத்தான் இருக்கின்றன. வசம்பு சரிசெய்ய அங்கே பழுது எதுவும் இல்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். அவர் அன்பினால்தான் செய்கிறார். நாக்கில்தான் குறை என்று நினைத்து 1841-இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் திக்குகிறவர்களின் நாக்கையே வெட்டித் தைத்துப் பார்த்தார். மனிதர்கள் பட்ட வேதனைதான் மிச்சம். மாத்திரையும் இப்போதைக்கு இல்லை. திக்குதலுக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் கிடையாது. யாராவது எதையாவது வாங்கித் தந்தால் விழுங்காதீர்கள்.

இனி, உங்களுக்கு நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது திக்குதல் அல்ல. "விடை தெரிந்தாலும் கை தூக்குவதில்லை" என்ற வரிதான்.

திக்குகிற பதின்வயதுப் பிள்ளைகள் மறைப்பதில் கைதேர்ந்தவர்கள். வாக்கியம் தொடங்கும்போதே அதில் வரப்போகும் ஆபத்தான சொல்லை முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள். கடைசி நொடியில் வேறு சொல்லுக்குத் தாவுவார்கள். தோசை சாப்பிட ஆசை இருக்கும். "தோ" வராது என்று தெரிந்து இட்லி கேட்பார்கள். இறங்க வேண்டிய ஊரின் பெயர் வராமல், சொல்ல வருகிற அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு முன்னாலேயே இறங்கிக்கொள்வார்கள். தன் பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. திக்குகிறவர்கள் பெரும்பாலோருக்குச் சொந்தப் பெயரே மிகக் கடினமான சொல்லாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். இப்படித் தாவித் தாவிப் பேசினால் வெளியில் யாருக்கும் தெரியாது. உள்ளே மட்டும் ஓயாத ஓட்டம். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும், "அந்தச் சொல் ஆபத்தானது, நல்லவேளை தப்பித்தோம்" என்று மூளை குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் கூடும். பயம் கூடினால் இறுக்கம் கூடும், இறுக்கம் கூடினால் திக்கும். ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் திக்குதலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் கேட்கிற திக்கல் நீருக்கு மேலே தெரியும் சிறு நுனிதான். வெட்கம், பயம், தவிர்ப்பு எல்லாம் நீருக்கடியில் இருக்கின்றன. அவரும் திக்கியவர்.

ஆகவே என் ஆலோசனை, "திக்காமல் பேசப் பாருங்கள்" என்பதல்ல. திக்கினாலும் சொல்ல நினைத்ததையே சொல்லுங்கள். இட்லிக்குத் தாவாதீர்கள். முதலில் வயிற்றைக் கலக்கும், நிஜம்தான். ஆனால் மூன்று நொடி திக்கி "தோசை" வந்து சேர்ந்த பிறகு, எதிரில் இருப்பவர் "சாதாவா, மசாலாவா?" என்றுதான் கேட்பார். உலகம் இடிந்து விழாது என்பதை மூளை அப்படித்தான் கற்றுக்கொள்ளும், ஒவ்வொரு சொல்லாக.

இதை ஒரே நாளில் வகுப்பில் தொடங்க வேண்டாம். உங்களுக்கு எளிதான ஆளிடமிருந்து ஆரம்பியுங்கள். தங்கையிடம் வேண்டுமென்றே லேசாக, நிதானமாகத் திக்கிப் பேசிப் பாருங்கள். விசித்திரமாகத் தோன்றும். ஆனால் இது சிகிச்சையில் உண்மையிலேயே உள்ள பயிற்சி. நாமாகத் திக்கும்போது கடிவாளம் நம் கையில் இருக்கிறது, பயத்துக்கு வேலை இல்லை. அப்புறம் ஒரு நண்பன், மளிகைக்கடை, பேருந்து நடத்துநர், தொலைபேசி என்று படிப்படியாகப் போகலாம். வகுப்பறை கடைசிப் படி. நம்பிக்கையான ஒரே ஒரு நண்பனிடம், "எனக்குச் சில சமயம் திக்கும்டா, நான் முடிக்கிற வரைக்கும் இரு" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியம் மறைக்கும் வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

சொல் மாட்டிக்கொள்ளும் அந்த நொடியில் என்ன செய்வது? முட்டித் தள்ளாதீர்கள். காலைத் தட்டுவது, தொடையைக் கிள்ளுவது, "வந்து... வந்து..." என்று முன்னால் ஒட்டுவது இதெல்லாம் ஆரம்பத்தில் கைகொடுப்பது போல இருக்கும்; சில வாரத்தில் அதுவே புதுப் பழக்கமாக ஒட்டிக்கொள்ளும், திக்கலும் போகாது. சார்லஸ் வான் ரைப்பர் என்ற பேச்சு மருத்துவ அறிஞர், தாமே சிறுவயது முதல் கடுமையாகத் திக்கியவர், வேறு வழி காட்டினார். திக்கிய சொல்லை எப்படியோ முடித்துவிட்டீர்களா? உடனே அடுத்த சொல்லுக்கு ஓடாமல் ஒரு கணம் நில்லுங்கள். எங்கே இறுகியது என்று கவனியுங்கள்: உதடா, தொண்டையா? அதே சொல்லை இறுக்கம் தளர்த்தி, கொஞ்சம் இழுத்து, மெதுவாக இன்னொரு முறை சொல்லுங்கள். இது பழகிய பிறகு, திக்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கத்தைத் தளர்த்தி வழுக்கி வெளியே வரலாம். கடைசியாக, சொல்லுக்குள் நுழையும்போதே தளர்வாக நுழையக் கற்றுக்கொள்ளலாம். "உள்ளேன்" போன்ற சொல்லுக்கு, முதலில் கொஞ்சம் காற்றை மெல்ல வெளியே விட்டு, அந்தக் காற்றின் மேலேயே குரலை ஏற்றுங்கள். "உ"வை அடித்துத் தொடங்காதீர்கள். இவை மூன்றும் ஒரு பயிற்சியாளர் முன்னால் செய்தால்தான் சரியாகப் படியும். ஒரு கட்டுரையைப் படித்து நீச்சல் முழுவதையும் கற்க முடியாது. கால் நனைக்க இது போதும்.

வகுப்புக்கு வருகிறேன். அம்மாவை அழைத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். நேரில் சொல்ல வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், முந்தின நாளே சொல்லிவிடுங்கள் என்று கேளுங்கள். முதலில் இன்னொரு மாணவரோடு சேர்ந்து வாசிக்க அனுமதி கேளுங்கள். வருகைப் பதிவுக்குக் கை தூக்கினால் போதும் என்று சில ஆசிரியர்கள் சலுகை தருவார்கள். சில வாரங்களுக்கு அது சரி. நிரந்தரமாக வேண்டாம் என்பது என் கருத்து. அது கருணையாகத் தெரிந்தாலும், மறைப்பதற்கு இன்னொரு மூலையைத்தான் கொடுக்கிறது.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கொழுக்கட்டை என்று சொன்ன அந்த ஐயாவுக்கு மறுநாளே அது மறந்திருக்கும். இந்தப் பையன் இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு மாணவன் திக்கும்போது நீங்கள் அமைதியாகக் காத்திருந்தால் வகுப்பும் காத்திருக்கும். நீங்கள் சிரித்தால் எல்லோருக்கும் அனுமதி கொடுத்தது போல ஆகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தம்பி, அடுத்த பகுதியை அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஐயா, உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. வீட்டில் சண்டையே கூடாது என்று சொல்வது சுலபம். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும் வீட்டில் அது நடக்கிற காரியமல்ல. நான் கேட்பது அதைவிடச் சின்னது. "நிதானமாப் பேசு" என்று சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். அவன் திக்குவது அவனுக்குத் தெரியும். 1939-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஆதரவற்றோர் இல்லத்தில் இருந்த 22 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், உனக்குத் திக்குகிறது, திருத்திக்கொள், சரியாகப் பேச முடிந்தால் மட்டும் பேசு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் கூச்சப்பட்டு ஒடுங்கிப் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2001-இல், ஆய்வை நடத்திய அயோவா பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. அதட்டலின் விளைவு என்ன என்று அது காட்டுகிறது. அவனை நிதானப்படுத்த வேண்டுமானால் நீங்கள் நிதானமாகப் பேசுங்கள். அவன் சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், எப்படிச் சொன்னான் என்பதை விட்டுவிட்டு என்ன சொன்னான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள். அப்புறம், "கடன் என் பொறுப்பு, அது உன்னால் வந்ததில்லை, நீ படி" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் வீட்டுப் பாரத்தை யாருக்கும் தெரியாமல் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்வார்கள்.

மறுபடியும் உங்களிடம் வருகிறேன், தம்பி. "பேசாமலே இருந்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது களைப்பில் வந்த எண்ணமாக இருக்கலாம். ஆனால் எப்போதாவது அது, இருந்து என்ன பயன் என்ற பக்கம் திரும்பினால், அன்றே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லாமல் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். தொலைபேசியில் பேசுவது திக்குகிறவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அம்மாவை அழைக்கச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கத்தையும் கவனியுங்கள், சரியாகத் தூங்காத மறுநாள் திக்கல் கூடுவதாகப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முழுவதும் போய்விடுமா? பொய் சொல்ல மாட்டேன். இந்த வயதுக்கு மேல் தடமே இல்லாமல் மறைவது சிலருக்குத்தான். ஆனால் பயிற்சி எடுக்கும் பெரும்பாலோருக்குத் திக்கல் குறையும், பயம் அதைவிட அதிகமாகக் குறையும், வாழ்க்கையின் முடிவுகளைத் திக்கல் எடுக்காத நிலை வரும். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் 1926 முதல் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சி எடுத்தார். போர்க்காலத்தில் வானொலியில் நாட்டு மக்களிடம் பேசியபோதும் சொற்களுக்கு நடுவே தயங்கித்தான் பேசினார், பேச்சை நிறுத்தவில்லை. ஹ்ரித்திக் ரோஷன் தமக்குச் சிறுவயது முதல் திக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நேர்முகத் தேர்வை நினைத்து இப்போதே கலங்க வேண்டாம். "எனக்குக் கொஞ்சம் திக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கிவிட்டால் அங்கேயும் பாதி இறுக்கம் போய்விடும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மாவட்டங்களில் அரசு நடத்தும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் 18 வயது வரை உள்ளவர்களைப் பார்க்கின்றன. உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது, செலவும் இல்லை. சென்னைக்கு வர முடிந்தால் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனம், போரூர் ராமச்சந்திரா ஆகிய இடங்களில் இதற்கான துறைகள் உள்ளன. மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, கேள்விப் புலன் நிறுவனமும் இருக்கிறது. தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தே நாளில் முழு குணம் என்று சுவரில் எழுதியிருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். அங்கே சொல்லிக்கொடுக்கும் ராகம் போட்ட பேச்சு, வீட்டுக்கு வந்த சில வாரத்தில் காணாமல் போய்விடும். ஏற்கெனவே கடனில் இருக்கும் வீட்டில் பணமும் போகும். திக்குகிறவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் என்ற அமைப்பின் சுயஉதவிக் குழுக்களும் உண்டு. உங்களைப் போலவே பேசும் பத்துப் பேரை ஒரே இடத்தில் பார்ப்பது நல்லது செய்யும்.

போவதற்கு முன் அம்மாவிடம் உட்கார்ந்து நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வயதில் தொடங்கியது, எப்போது நின்றது, குடும்பத்தில் வேறு யாருக்கு இருக்கிறது, இப்போது எந்தெந்த இடத்தில் அதிகம். தங்கையிடம் பேசுவதையும் கடையில் பேசுவதையும் கைபேசியில் பதிவு செய்து எடுத்துப் போங்கள். மருத்துவமனை அறையில் பலருக்குத் திக்காது, அப்போது பயிற்சியாளருக்கு அந்தப் பதிவு உதவும். பயிற்சி சில மாதம் பிடிக்கும். பிளஸ் டூ வந்துவிட்டால் உங்களுக்கு நேரமே கிடைக்காது. அதனால் அடுத்து வரும் பள்ளி விடுமுறையிலேயே முதல் சந்திப்பை முடித்துவிடுங்கள்.